பஸ்தக்: அச்சோமி பேசும் ஊர்ப்புறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் அல் பஸ்தகி, ஜனாஹி, அவழி, கூஹெர்தி போன்ற குடும்பப் பெயர்களை அலுவலகத்திலும் கடைப் பலகையிலும் பார்த்திருப்பார்கள். இவை எல்லாமே ஈரானின் தெற்கு மலைப்புறத்தில் உள்ள ஊர்ப்பெயர்கள். அந்த ஊர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்து, இங்கே தொகுத்திருக்கிறோம். அச்சோமி என்ற மொழி பேசும் பஸ்தக் வட்டாரம்தான் மையம். தேவைப்படும் இடத்தில் பக்கத்து லார், எவஸ், கெராஷ் ஊர்களும் வரும்.

பஸ்தக்னா துபாய்ல மியூசியம் பக்கத்துல இருக்கிற பழைய ஏரியாதானே?

அது பஸ்தகியா. இப்போது அல் ஃபஹீதி என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பஸ்தக்கிலிருந்து வந்த வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துபாய் ஓடைக்கரையில் வீடு கட்டிக் குடியேறியதால் வந்த பெயர் அது. மூல ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், ஈரானின் ஹொர்மொஸ்கான் மாகாணத்தின் மேற்கில் இருக்கிறது. வடக்கே ஃபார்ஸ் மாகாணத்தின் லாரெஸ்தான், தெற்கே பந்தர் லெங்கே, கிழக்கே பந்தர் கமீர். லார் நகரத்திலிருந்து லெங்கே துறைமுகத்துக்குப் போன பழைய ஒட்டகப் பாதையில் நடுவழி ஊர் இது.

கவுண்டின்னு போட்டிருக்கே, அது மாவட்டமா தாலுகாவா?

ஈரானில் மாகாணத்துக்கு அடுத்த படி ஷஹ்ரெஸ்தான், அதைத்தான் ஆங்கிலத்தில் கவுண்டி என்று போடுகிறார்கள். பொறுப்பை வைத்துப் பார்த்தால் நம் மாவட்டம், ஆள்தொகையை வைத்துப் பார்த்தால் ஒரு சிறிய தாலுகா. பஸ்தக் ஷஹ்ரெஸ்தானின் மக்கள்தொகை 2016 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 80,000. அதற்குள் மூன்று பிரிவுகள்: பஸ்தக் நகரைச் சுற்றிய மையப் பிரிவு, ஜெனாஹ், கூஹெர்த். மேலே சொன்ன ஜனாஹி, கூஹெர்தி குடும்பங்களின் வேர் கடைசி இரண்டில்.

படத்துல ஆறு ஓடுது, மலை இருக்கு. அப்புறம் ஏன் தண்ணி இல்லன்னு சொல்றாங்க?

ஆற்றில் ஓடுவது உப்புத் தண்ணீர். இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். சாக்ரோஸ் மலைத்தொடர் இங்கே கம்பளத்தை ஓரத்திலிருந்து தள்ளியதுபோல நீள நீள மடிப்புகளாகக் கிடக்கிறது. அடியில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் பழைய உப்புப் படலம் இருக்கிறது. உப்பு பாறையைவிட லேசானது, அழுத்தம் கூடினால் நகரும். அதனால் மேலே உள்ள பாறையைப் பொத்துக்கொண்டு மலையாகவே எழும்பி நிற்கிறது. மழை அந்த உப்பு மலைகளின்மேல் பெய்து வழிந்தால் ஓடையும் கரிக்கும், நிலத்தடி நீரும் கரிக்கும். கூஹெர்த் பக்கம் ஓடி, கெஷ்ம் தீவுக்கு எதிரே கடலில் சேரும் மெஹ்ரான் ஆற்றின் கதை இதுதான்.

மழை வருவதும் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரைதான், அதுவும் சில நாள் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். கோடையில் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே நல்ல தண்ணீர் வேண்டுமென்றால், மழை உப்பைத் தொடுவதற்குள் அதைப் பிடித்து மூடி வைக்க வேண்டும்.

அந்த வெள்ளைக் குவிமாடம் எல்லாம் மசூதியா, சமாதியா?

சாலையோரம் வயல்வெளியில் தனியாக நிற்பவை பெரும்பாலும் பெர்க்கே, அதாவது மூடிய மழைநீர்த் தொட்டி. தரையில் வட்டமாகத் தோண்டி, உள்ளே சுவர் எழுப்பி, மேலே குவிமாடம் போடுவார்கள். குவிமாடத்தின் வேலை வெயிலையும் தூசியையும் தடுத்து ஆவியாதலைக் குறைப்பது. சுற்றிலும் வாசல்கள் இருக்கும். வாளி விட்டு நீர் இறைக்கவும் காற்று ஓடவும் அவைதான் வழி. நீர் உள்ளே வரும் வாய்க்காலில், தொட்டிக்குச் சற்று முன்னால், சின்னக் குழி ஒன்று இருக்கும். வண்டல் அதில் தங்கிவிடும்.

உட்பூச்சு சாரூஜ் என்ற சாந்து. களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து, வறட்டி போலத் தட்டிக் காயவைத்து, விறகோடு அடுக்கி, நாள்கணக்கில் எரிப்பார்கள். எரிந்ததைப் பொடித்துச் சலித்து, தண்ணீர் விட்டு, கட்டையால் விடாமல் அடித்துப் பதம் வந்த பிறகே பூசுவார்கள். அடிப்பதில் சோம்பினால் பூச்சில் நுண்ணிய வெடிப்பு விழும், தண்ணீர் அப்படியே மண்ணுக்குள் போய்விடும்.

கணக்கும் பார்த்துவிடலாம். பத்து மீட்டர் விட்டம், ஐந்து மீட்டர் ஆழம் உள்ள பெர்க்கே நிறைந்தால் சுமார் 3.9 லட்சம் லிட்டர். தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் நூறு பேருக்கு ஓராண்டைத் தாண்டும். இதை நிரப்ப ஒரு பருவத்தில் 150 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து வந்தால், சுமார் மூன்றேகால் ஏக்கர் சரிவு வேண்டும். அதனால்தான் பெர்க்கேவை ஊர் நடுவில் கட்டாமல், மலையடிச் சரிவு தேடிப் போய்க் கட்டியிருக்கிறார்கள்.

தேங்கின தண்ணியைக் குடிச்சா வியாதி வராதா?

வந்தது. லார் முதல் லெங்கே வரை நரம்புச் சிலந்தி நோய் பல நூறாண்டுகள் இருந்தது. தமிழ்நாட்டிலும் படிக்கிணறு இருந்த ஊர்களில் பழைய ஆட்கள் இதை அறிவார்கள். புழு வெளிவரும் புண்ணோடு ஒருவர் தண்ணீரில் கால் வைத்தால் புழு அதில் நுண்ணிய குஞ்சுப் புழுக்களை விடும். அவை கண்ணுக்கு எளிதில் படாத நீர்த்தெள்ளுக்குள் போய் வளரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குச் சுமார் ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் வரும்.

படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் தொட்டிகளில் ஆபத்து அதிகம். மேலிருந்து வாளி விட்டால் கால் படாது. நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினாலே நீர்த்தெள்ளு நின்றுவிடும், மருந்துகூட வேண்டாம். ஈரானில் 1970களில் இந்த நோய் ஒழிந்தது, இந்தியா 2000இல் ஒழித்ததாகச் சான்று பெற்றது. இன்று குடிநீர் பெரும்பாலும் குழாயிலும் லாரியிலும் வருகிறது. பெர்க்கேக்களில் பல தூர்ந்துவிட்டன, மிச்சமுள்ளவை ஆட்டு மந்தைக்கும் தோட்டத்துக்கும் உதவுகின்றன. பயணத்தில் தாகம் எடுத்தால் அதில் இறைத்துக் குடிக்க வேண்டாம்.

அச்சோமிங்கிறது பாரசீகத்தோட வட்டார வழக்குதானே?

இல்லை. இரண்டும் தென்மேற்கு ஈரானிய மொழிகள், அவ்வளவுதான் உறவு. தெஹ்ரான்காரர் ஒருவர் பஸ்தக் சந்தையில் நின்றால் தெரிந்த சொற்கள் காதில் விழும், பேச்சு பிடிபடாது. லாரி, லாரெஸ்தானி, ஹோத்மூனி என்பவையும் இதே மொழியின் பெயர்கள்தான். கடைசிச் சொல்லுக்கு ‘நம்மவர் பேச்சு’ என்று பொருள். பேசுபவர்கள் சிலர் அதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் அச்சோமி என்பது வெளியார் வைத்த பெயர். பந்தர் அப்பாஸில் பேசும் பந்தரியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அது வேறு.

நான் பாரசீகம் படிச்சிருக்கேன். எதுல தடுக்கும்?

இறந்தகால வினையில். ‘நான் சொன்னேன்’ என்பதற்குப் பாரசீகத்தில் கோஃப்தம், அதாவது ஆளைக் காட்டும் விகுதி கடைசியில் வரும். அச்சோமியில் அது ஒம்கொத். ஆள் குறி முன்னால் வந்துவிட்டது. நீ சொன்னாய் ஒத்கொத், அவன் சொன்னான் ஒஷ்கொத். செயப்படுபொருள் ஏற்கும் வினைகளுக்கு இறந்தகாலத்தில் மட்டுமே இப்படி. போனான், வந்தான் போன்றவற்றில் குறி பின்னாலேயே நிற்கும். தமிழில் ‘சொன்னேன்’, ‘போனேன்’ இரண்டுக்கும் ஒரே ஏன் விகுதி என்பதால், இந்தப் பிளவு நமக்கும் கொஞ்சம் புதிதுதான்.

உச்சரிப்பு லாருக்கு ஒன்று, எவஸுக்கு ஒன்று, பஸ்தக்குக்கு ஒன்று. பொது எழுத்துமுறை கிடையாது. எழுதுகிறவர்கள் பாரசீக எழுத்தில், தங்கள் ஊர் ஒலிப்புப்படி எழுதுகிறார்கள். பள்ளிப்பாடம் முழுக்கப் பாரசீகம், வளைகுடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அரபி. பாட்டி பேசுவது புரியும், பதில் வேறு மொழியில் வரும் என்ற நிலை அங்கே நிறைய வீடுகளில்.

இவங்க அரபிங்களா, ஈரானியரா? ஷியாவா, சுன்னியா?

பேச்சு ஈரானிய மொழி. பஸ்தக்கில் மதம் பெரும்பாலும் சுன்னி, அதில் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவு. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களும் ஷாஃபி என்பதால் தொழுகை முறையில் அவர்களுக்கு அந்நியம் தெரியாது. எவஸும் சுன்னி ஊர். லார் நகரத்திலும் கெராஷிலும் ஷியாக்கள் அதிகம். ஆக மொழியை வைத்து மதத்தைச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் தெஹ்ரான் அறிவிக்கும் பெருநாளும் இங்கே கொண்டாடும் பெருநாளும் ஒரு நாள் முன்பின் ஆவது உண்டு.

பரம்பரை பற்றிய கேள்விக்குத்தான் பதில் சிக்கலாகும். பஸ்தக்கை நெடுங்காலம் ஆண்ட கான் குடும்பம் தன்னை அப்பாஸிய கலீஃபாக்களின் வழி என்று சொல்லிக்கொண்டது, பெயரே பனீ அப்பாசி. கடற்கரையில் ஹுவலா என்று அழைக்கப்படும் சுன்னிக் குடும்பங்கள் அரபு வம்சம் என்கின்றன. வளைகுடாவில் அஜம் என்றால் ஈரானிய வழியினர். ஆனால் குவைத்திலும் பஹ்ரைனிலும் அந்தச் சொல் ஷியாக்களையே அதிகம் குறிக்கும். ஒரே கிராமத்திலிருந்து போன இரு குடும்பங்கள் இன்று இருவேறு பெயரில் நிற்கலாம். அலுவலகத்தில் ஒரு பஸ்தகியிடம் ‘நீங்கள் ஈரானியா?’ என்று கேட்காமல் இருப்பது நாகரிகம். மூன்று தலைமுறையாக எமிராத்தியாக இருப்பவருக்கு அது உவப்பான கேள்வியல்ல.

அப்படி என்ன கஷ்டம், ஊரோட கிளம்பிப் போக?

தண்ணீர் ஒரு காரணம், ஆனால் அது எப்போதும் இருந்தது. முடுக்கிவிட்டது வரி. 1900ஐ ஒட்டி ஈரான் அரசு தன் துறைமுகங்களின் சுங்கத்தைப் பெல்ஜிய அதிகாரிகள் கையில் கொடுத்து வரி வசூலை இறுக்கியது. லெங்கே வணிகர்களுக்கு மூச்சு முட்டியது. அதே ஆண்டுகளில் துபாய் ஆட்சியாளர் மக்தூம் பின் ஹஷர் வரியை நீக்கி, வருகிறவர்களுக்கு ஓடைக்கரையில் இடமும் தந்தார். படகில் ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில் இப்படி ஒரு துறைமுகம் இருக்கும்போது கணக்குத் தெரிந்தவர் யாரும் லெங்கேயில் உட்கார மாட்டார்.

இரண்டாம் அலை ஈரானை ஆண்ட ரெசா ஷா காலத்தில். 1925இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. 1936இல் பெண்கள் முக்காடு போடக்கூடாது என்று ஆணை வந்தது. மதப்பிடிப்புள்ள பல குடும்பங்கள் அப்போது கடல் கடந்தன. எண்ணெய் வந்த பிறகு போனவர்கள் கூலிக்கும் கடை வேலைக்கும் போனவர்கள்.

காத்துக் கோபுரம் நிஜமாவே குளுகுளுன்னு இருக்குமா?

பஸ்தகியாவிலும் மூல ஊர்ப்பக்கமும் பழைய வீடுகளின் மேல் நிற்கும் கோபுரம் அது. ஏசி போலக் குளிராது. கோபுரத்தின் உள்ளே குறுக்காகத் தடுப்புச் சுவர் வைத்து நான்கு குழாய்களாகப் பிரித்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கக் குழாய் வழியே கீழே அறைக்குள் இறங்கும், எதிர்ப்பக்கக் குழாய் சூட்டுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும். அடியில் உட்கார்ந்தால் வியர்வை உலரும், அந்தச் சுகம்தான் பலன். காற்றில்லாத நாளில் பயனில்லை. புழுதி நாளில் தொல்லை. குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள்.

பஸ்தக்கிலும் லெங்கேயிலும் வீடு கட்டியது கல்லும் ஜிப்சமும் வைத்து. துபாயில் கடல் பவளக்கல்லைப் பயன்படுத்தினார்கள். அதில் நுண்துளை அதிகம் என்பதால் வெப்பம் மெதுவாக ஏறும். பஸ்தகியாவின் ஏறக்குறைய பாதி 1980களில் இடிபட்டுவிட்டது. இன்று சுற்றிப் பார்ப்பது தப்பித்த மிச்சம்.

இவ்வளவு உப்பு மண்ணுல விவசாயம் என்ன நடக்கும்?

பேரீச்சை. உப்பைத் தாங்கும் பழமரங்களில் அதை மிஞ்ச ஆளில்லை. மற்றபடி மழையை நம்பிய கோதுமை, பார்லி, ஆடு.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நாற்பது, ஐம்பது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். பிப்ரவரி, மார்ச்சில் பாளை வெடித்ததும் மரமேறி, ஆண் பூவின் சில இழைகளைப் பெண் பாளையின் நடுவே செருகி, லேசாகக் கட்டிவிடுவார்கள். பாளை வெடித்த சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். கட்டிய கையோடு மழை பெய்துவிட்டால் மகரந்தம் கழுவிப்போகும், திரும்ப ஏற வேண்டும். தவறினால் கொட்டையில்லாத சப்பைக் காய்தான் கிடைக்கும், அது ஆட்டுக்குத்தான். ஏறும்போது நம் பனையேறிகளைப் போல் காலில் தளை போடுவதில்லை. இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிய அகலப் பட்டையில் சாய்ந்துகொண்டு, பட்டையை மேலே மேலே தட்டி நகர்த்திப் போவார்கள்.

மஹ்யாவேன்னு ஒரு மீன் குழம்பு சொல்றாங்களே, நாத்தம் தாங்கலையாம். வீட்ல செய்யலாமா?

குழம்பு அல்ல, வெயிலில் புளிக்க வைத்த மீன் சாறு. செய்யலாம், மொட்டை மாடி இருந்தால். கருவாட்டுக்குப் பழகிய மூக்குக்கு இது பெரிய விஷயமில்லை.

ஒரு கிலோ நெத்திலி அல்லது சின்ன மத்தி, தலையும் குடலும் நீக்கியது. கல்லுப்பு 250 முதல் 300 கிராம். மீன் மூழ்கும் அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர், அதிலும் உப்புக் கரிக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, மேலே துணி கட்டி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் வையுங்கள். மீன் கரைந்ததும் வடிகட்டுங்கள். கடுகு நூறு கிராம், மல்லியும் சோம்பும் ஐம்பது ஐம்பது, சீரகம் இருபத்தைந்து, கொஞ்சம் மிளகு, கிடைத்தால் காய்ந்த நாரத்தைத் தோல் சேர்த்து, வறுத்துப் பொடித்துக் கலக்கி, இன்னும் ஒரு வாரம், பத்து நாள் வெயில் காட்டினால் சாறு கெட்டியாகும்.

கெடுவதற்குக் காரணங்கள் சில உண்டு. உப்பைக் குறைத்தால் புளிக்காது, அழுகும். அது வயிற்றுக்கோளாறோடு நிற்காமல் ஆபத்தாகவும் முடியும், ஆகவே உப்பில் சிக்கனம் கூடாது. கடுகு கருகினால் மொத்த ஜாடியும் கசக்கும். வாய்வரை நிரப்பி மூடி இறுக்கினால் பொங்கி வழியும். அலுமினியப் பாத்திரத்தை உப்பு அரித்துவிடும். ஹொர்மொஸ் தீவின் சிவப்பு மண் கலந்து செந்நிறமாக இருக்கும் சூராக் என்பது இதன் உறவினர், இது அல்ல.

அதை எதோட சாப்பிடுறது?

மெல்லிய ரொட்டியோடு. துபாயில் ரெகாக் என்று விற்பது இந்த வகைதான். மைதா அல்லது கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் மட்டும், ஈஸ்ட் இல்லை. கையில் ஒட்டி இழுபடும் அளவுக்குத் தளர்வாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, ஓர் உருண்டையைச் சூடான இரும்புக் கல்லில் கையாலேயே வட்டமாகத் தேய்ப்பார்கள். கல்லில் ஒட்டிய மெல்லிய படலம்தான் ரொட்டி, மீதி உருண்டை கைக்குத் திரும்பிவிடும். அதன்மேல் ஒரு முட்டை உடைத்துப் பரப்பி, மஹ்யாவே ஒரு கரண்டி தெளித்து, ஓரம் சிவந்ததும் மடித்து எடுக்க வேண்டும். கல் சூடு போதாமல் தேய்த்தால் மாவு பிசுபிசுவென்று பாதியில் கிழியும். அதிகச் சூட்டில் ஒட்டவே ஒட்டாது, உருண்டையோடு சுருட்டிக்கொண்டு வரும்.

இந்த ஊர்களுக்கும் நம்ம பக்கத்துக்கும் பழைய தொடர்பு ஏதாவது?

லாரின் என்ற வெள்ளிக்காசு. லார் நகரத்தால் பெயர் பெற்றது. வட்டமாக இருக்காது. ஒரு விரல் நீளத்துக்கு மேல் உள்ள வெள்ளிக் கம்பியை இரண்டாக மடக்கி, முனையில் முத்திரை அடித்தது. எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி சுத்தமாக இருந்ததால் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வளைகுடாவிலிருந்து மேற்குக் கடற்கரை, மாலத்தீவு, இலங்கை வரை எல்லாக் கடையிலும் செல்லுபடியானது. பீஜாப்பூர் சுல்தான்கள் தாங்களும் அடித்தார்கள். இலங்கையில் கம்பியைத் தூண்டில் முள் போல வளைத்துப் புழங்கினார்கள். மாலத்தீவில் இன்றும் ஒரு ருஃபியாவுக்கு நூறு லாரி. லாரை 1602 வாக்கில் ஈரான் மன்னர் ஷா அப்பாஸின் படை பிடித்த பிறகும் காசின் பெயர் நின்றுவிட்டது.

முதலூர் மஸ்கோத்து அல்வாவுக்கும் லாரின் மஸ்கதி இனிப்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டின் பெயரிலும் மஸ்கட் துறைமுகம் இருக்கிறது, செய்முறை வேறு. முதலூரில் மைதாப் பாலும் தேங்காய்ப் பாலும், லாரில் ஸ்டார்ச்சும் பன்னீரும் ஏலமும்.

ஊரே காலியாம், எல்லாம் துபாய்ப் பணத்துல ஓடுதாமே?

பாதி உண்மை. பள்ளி, மருத்துவமனை, மசூதி, தண்ணீர்த் திட்டம் என்று கல்வெட்டுள்ள கட்டடங்களில் பல, வெளிநாட்டில் சம்பாதித்தவர்களின் கொடை. முன்பு பணமுள்ளவர் பெர்க்கே கட்டிவைத்தார், இப்போது டயாலிசிஸ் கருவி வாங்கித் தருகிறார். ஆனால் கொடையாளர் விரும்புவது பெயர் பொறித்த கட்டடம். அதில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் மாதச் சம்பளம் அரசுதான் தர வேண்டும், அந்த இடத்தில்தான் இழுபறி. பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள் நோன்புப் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும். கல்யாணத்துக்காக எமிரேட்ஸிலிருந்து மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும் குளிர்கால வாரங்களில் ஊர் வேறு ஊர் போல இருக்கும்.

போய்ப் பார்க்கணும்னா?

நவம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. ஏப்ரலுக்குப் பிறகு பகலில் வெளியே நிற்க முடியாது. மழை நாளில் வறண்ட ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்தாதீர்கள். மலையில் பெய்தது, வானம் தெளிந்த இடத்துக்கும் திடுமென வந்து சேரும்.

இந்திய, வளைகுடா வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது, முழுப் பயணத்துக்கும் ரொக்கம் வேண்டும். விலை சொல்வது தோமானில், நோட்டில் இருப்பது ரியால். பத்து ரியால் ஒரு தோமான், ஒரு பூஜ்யம் தவறினால் பத்து மடங்கு நஷ்டம். பெண்களுக்குத் தலைமறைப்பு சட்டப்படி கட்டாயம். விசா விதியும் பாதுகாப்பு நிலவரமும் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடுமுன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

நிலநடுக்கப் பகுதி இது. 1960 ஏப்ரல் 24இல் லார் நகரம் பெருமளவு இடிந்து, பக்கத்தில் புது நகரமே எழுப்ப வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் பந்தர் கமீர் பக்கத்து சாயே கோஷ் கிராமம் தரைமட்டமானது. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மண்சுவரும் கனத்த கூரையும் உள்ள பழைய வீடு படத்துக்கு அழகாக இருந்தாலும், இரவுக்குக் கான்கிரீட் சட்டம் போட்ட புதுக் கட்டடத்தைப் பாருங்கள்.